காளான் வளர்ப்பு கிட் வாங்குவோர் கவனத்திற்கு: பிரிக்கும் முன் வித்துப் பாக்கெட்டைப் பாருங்கள்

"எந்தப் பருவத்திலும் வீட்டிலேயே சிப்பிக் காளான், 25 நாளில் அறுவடை" என்ற விளம்பரத்தை நம்பி, கடந்த ஏப்ரலில் 650 ரூபாய் செலுத்தி இணையத்தில் ஒரு கிட் வாங்கினேன். மதுரைக்கு வந்து சேர ஒன்பது நாள்களாயின. நறுக்கிய வைக்கோல், இரண்டு பாலித்தீன் பைகள், ஒரு தெளிப்பான், ஒரு வித்துப் பாக்கெட் (விதைபோல் இடுவதற்காகக் காளான் இழைகளை வளர்த்த சோள மணிகள்) ஆகியவை இருந்தன. வித்து தயாரித்த தேதி மட்டும் எங்கும் இல்லை.

நல்ல வித்தில் சோள மணிகளை வெண்ணிற இழைகள் போர்த்தி, பாக்கெட்டே ஒரு கட்டியாக இறுகியிருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்கு வந்ததில் மணிகள் பழுப்பேறி உதிர்ந்து கிடந்தன. அடியில் மஞ்சள் நீர் தேங்கியிருந்தது. வெட்டியதும் புளித்த கஞ்சி வாடை அடித்தது. காளான் வித்து இப்படித்தான் நாறும் போலும் என்று எண்ணிக்கொண்டு, வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்திற்கு உலர்த்தி, பைகளில் அடுக்கடுக்காக வித்திட்டுக் காளான் படுக்கை கட்டினேன். ஆறாம் நாள் ஓரங்களில் பச்சைப் புள்ளிகள் தோன்றின. பத்தாம் நாள் இரண்டு பைகளையும் டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூஞ்சை மூடிவிட்டது.

விற்றவருக்குப் படங்களை அனுப்பியதும், "கையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள் சார், பாக்கெட்டைப் பிரித்த பிறகு நாங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வந்தது. கூடவே, 280 ரூபாய்க்கு ஒரு பூஞ்சை நீக்கும் கரைசலை வாங்கச் சொன்னார்கள். என் சுத்தத்தில் குறை இருந்திருக்கலாம். பிரிப்பதற்கு முன்பே தேங்கியிருந்த மஞ்சள் நீருக்கு என் கை எப்படிப் பொறுப்பாகும்?

வித்தே நன்றாக இருந்திருந்தாலும் பருவம் கைகொடுத்திருக்காது. சிப்பிக் காளானுக்கு 20 முதல் 28 டிகிரி வரையிலான வெப்பமும் 80 விழுக்காட்டிற்கு மேல் காற்றின் ஈரப்பதமும் வேண்டும். மதுரையின் ஏப்ரலில் அதை எங்கே தேடுவது? அந்த வெயிலுக்கு ஏற்றது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 போன்ற பால் காளான் ரகம்தான். இதைக் காளான் விற்பவர் அறியாமலா இருப்பார்?

ஆகவே, வாங்குபவர்கள் பார்சலைப் பிரிப்பதையே காணொளியாக எடுத்து, வித்துப் பாக்கெட்டின் அடிப்பகுதி தெளிவாகத் தெரியும்படி காட்டிக்கொள்ளுங்கள். தேதி இல்லாவிட்டாலோ நீர் தேங்கியிருந்தாலோ கத்தரிக்கோலைத் தொடாமல் திருப்பி அனுப்புங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் நான் புகார் அளித்தபோது, பிரிப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். என்னிடம் இருந்தவை எல்லாம் பச்சை பூத்த பிறகு எடுத்த படங்கள்.