பூனையைத் தூரத்தில் விடுவதா, கருத்தடை செய்வதா?

அபார்ட்மென்ட் கூட்டத்தில் தெருப்பூனைப் பேச்சு வந்தாலே, "சாக்குல பிடிச்சு காசிமேட்டுல விட்டுடலாம், மீன் தின்னு பிழைச்சுக்கும்" என்று ஒருவர் சொல்வார். செலவில்லை, அன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதுசை அண்டவிடாது. இங்கேயோ குப்பைத்தொட்டி அப்படியே இருக்க, காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துவிடும்.

கருத்தடைக்குப் பொறுமை வேண்டும். முந்தின இரவே சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பூனை பிடிக்கும் கூண்டின் உள்கோடியில் துளி மத்தி மீன் வைக்க வேண்டும். கதவு விழுந்ததும் பூனை கம்பியில் முட்டி மோதும். பெரிய துண்டால் கூண்டை மூடினால் மெல்ல அடங்கும். மருத்துவரிடம் கொண்டுபோனால், அறுவை மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியைச் சற்று வெட்டிவிடுவார்கள், கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம். பெண் பூனைக்கு வயிற்றில் தையல், அதனால் ஓய்வு அதிகம். பாலூட்டும் தாயா என்று முதலில் பாருங்கள். தாயென்றால், குட்டிகள் எங்கோ மாடிப்படி அடியில் பசியோடு கிடக்கும்.

செலவு உண்டுதான். ஆனால் 4 மாதத்திலேயே சினைப்படக்கூடிய, சுமார் 9 வாரத்தில் ஈனும் பிராணி இது. என் ஓட்டு கருத்தடைக்கே. ராத்திரிச் சண்டையும் கடுவனின் மூத்திர வாடையும்கூடக் குறையும். அதற்காகவே எதிர்வீட்டு மாமா பணம் கொடுப்பார், கேட்டுப் பாருங்கள்.