பிரா வாங்க: கும்பகோணம் கடைத்தெருவா, ஆன்லைனா?

கடைத்தெருவில் துணியைத் தொட்டுப் பார்க்கலாம், நம்ம ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்திதான் சரி என்பது விரல் பட்டாலே தெரியும். ஆனால் நான் போன கடையில் போட்டுப் பார்க்க இடமில்லை, 34சி (எண் சுற்றுப்பட்டையின் அளவு, எழுத்து கப்பின் அளவு) கேட்டால் 36பி-யை நீட்டி "இதுவும் அதேதான்மா" என்றார்கள். கப் ஏறத்தாழ ஒன்றுதான், சுற்றுப்பட்டை தளர்ந்துவிடுமே! பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பட்டைதான், தோள் ஸ்ட்ராப் இல்லை.

ஆன்லைனில் அளவுகள் அதிகம், கூச்சமும் இல்லை. மார்புக்குக் கீழே ஒரு சுற்று, மார்பின் எடுப்பான இடத்தில் ஒரு சுற்று, தையல் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பொதுவாக வித்தியாசம் 1 அங்குலம் என்றால் ஏ, 2 பி, 3 சி. உள்ளாடையைத் திருப்பி எடுப்பார்களா என்று மட்டும் முதலிலேயே பாருங்கள்.

என் ஓட்டு ஆன்லைனுக்கு. அப்புறம், புதிது மிகத் தளர்வான கடைசிக் கொக்கியிலேயே கச்சிதமாக இருக்க வேண்டும், நாள்பட எலாஸ்டிக் தளரும்.