பழைய ரயில் நிலையத்தில் சாப்பாட்டுக் கடை: தனி உணவகமா, ஃபுட் ஹாலா, பெட்டி உணவகமா?

பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ரயில் நிலையத்தில் உணவகம் திறக்கலாம் என்று பேச்சு தொடங்கியதும் மேசைக்கு வரும் முதல் வரைபடத்தில் கூரை ஓவியம் இருக்கும், சரவிளக்கு இருக்கும், வளைவுக்குக் கீழே மேசை நாற்காலி இருக்கும். அடுப்புப் புகை வெளியேறும் டக்ட் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் எந்த வகைக் கடை பிழைக்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த டக்ட்தான்.

இன்று உலகில் ஓடிக்கொண்டிருப்பவை மூன்று வகை. முதலாவது, ஒரே சமையலறையோடு ஒரே உணவகம். பாரிஸ் கார் த லியோன் நிலையத்தின் 'ல ட்ரான் ப்ளூ' இதற்கு நல்ல உதாரணம். 1901-ல் நிலைய உணவகமாகத் திறந்து, 1963-ல் இந்தப் பெயருக்கு மாறி, 1972-ல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலில் 1913 முதல் இருக்கும் ஆய்ஸ்டர் பாரும் இந்த வகைதான். இரண்டாவது, பல கடைகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஃபுட் ஹால். ரோமின் தெர்மினி நிலையத்தில் 2016-ல் மெர்காத்தோ சென்ட்ராலே திறந்தது. அதே நிறுவனம் 2021-ல் மிலான் சென்ட்ரலேயிலும் திறந்தது. மூன்றாவது, கட்டடத்தைத் தொடாமல், ஓட்டத்திலிருந்து நீக்கிய ரயில் பெட்டியை வெளியே நிறுத்தி உணவகமாக்குவது. இந்திய ரயில்வே 2020-ல் அசன்சோலிலும் 2021-ல் மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸிலும் இதைச் செய்தது. பிறகு இது பல ஊர்களுக்குப் பரவியது.

புகை

ஒரு கணக்கிலிருந்து தொடங்குவோம். சுவரை ஒட்டி 10 அடி நீள ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்சும் கூண்டு. அதன் கீழே வறுவலும் கிரில்லும் நடக்கின்றன. இப்படிப்பட்ட கனமான சமையலுக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் ஓர் அடிக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று உறிஞ்சச் சொல்கின்றன. மொத்தம் 4,000 கன அடி. டக்டில் காற்று நிமிடத்துக்கு 1,500 அடி வேகத்தில் போவதாக வைத்தால், ஏறக்குறைய 20 அங்குலத்துக்கு 20 அங்குலம் குறுக்களவுள்ள டக்ட் வேண்டும். அது முடிந்தவரை வளையாமல் கூரைக்கு மேலே போய்ச் சேர வேண்டும்.

பழைய காத்திருப்பு அறைகளில் நிலக்கரிக் கணப்புகளின் புகைபோக்கிகள் இருக்கும். அதையே பயன்படுத்தலாமே என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். 9 அங்குலச் சதுரமான அந்தத் துளையின் பரப்பு நமக்குத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குதான். உள்ளே சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்திருக்கும். அந்த இடுக்குகளில் எண்ணெய் இறங்கினால் சுவர் முழுக்கக் கறை ஊறும், தீப்பிடித்தால் அணைக்க வழியில்லை. காபி இயந்திரத்தின் ஆவிக்கு வேண்டுமானால் ஸ்டீல் குழாய் செருகி அதைப் பயன்படுத்தலாம். வறுவலுக்கு ஆகாது.

தனி உணவகம் இங்கே ஜெயிக்கிறது. ஒரு சமையலறை, ஒரு டக்ட், ஒரு மின்விசிறி. சமையலறையைக் கூடத்துக்குப் பின்னால், பாரம்பரியச் சின்ன அந்தஸ்து இல்லாத பின்கட்டில் வைத்துவிட்டால் ஓவியக் கூரைக்கும் அடுப்புக்கும் நடுவே சுவர் நிற்கும். ல ட்ரான் ப்ளூ போல 41 ஓவியங்கள் உள்ள அறையில் இந்தச் சுவர் இல்லாமல் முடியாது. எண்ணெய் ஆவி குளிர்ந்த ஓவியப் பரப்பில் படிந்து பிசுபிசுப்பாகும். அதன் மேல் ரயில் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் தூள் ஒட்டும். சில ஆண்டுகளில் வெள்ளை மேகம் பழுப்பு மேகமாகிவிடும்.

ஃபுட் ஹாலில் பன்னிரண்டு கடைக்காரர்கள் என்றால் பன்னிரண்டு பேரும் அடுப்பு கேட்பார்கள். எல்லாவற்றையும் ஒரே டக்டில் இணைத்தால், நான்கு கடைகள் மூடியிருக்கும் நேரத்தில் மற்றவற்றில் உறிஞ்சல் தாறுமாறாகும், ஒரு கடையின் மீன் வாடை அடுத்த கடையில் எழும். சாதாரண ஏசி டக்டில் வைப்பதுபோல் டாம்பர் (காற்றோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடு) வைத்துச் சரிசெய்ய முடியாது, சமையலறைப் புகை வெளியேற்றத்துக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 96 எண்ணெய்ப்புகை டக்டில் சாதாரண டாம்பரை அனுமதிப்பதில்லை, எண்ணெய் அங்கேதான் சேரும் என்பதால். நடைமுறையில் தேறும் வழி, கடைகளை இரண்டு ரகமாகப் பிரிப்பது. நெருப்புக் கடைகள் எல்லாம் பின்சுவரை ஒட்டி ஒரே வரிசை. அவற்றுக்கு வேகம் மாற்றக்கூடிய விசிறியுடன் பொது ஹூட். கூடத்தின் நடுவே நிற்கும் கவுண்டர்களில் இன்டக்‌ஷன், பேக்கரி, பழச்சாறு, காபி, குளிர் உணவு மட்டும். அவற்றுக்கான சமையல் வேலை பொதுச் சமையலறையில் முடிந்து வர வேண்டும். எல்லாரும் எல்லாம் செய்யலாம் என்று ஒப்பந்தம் போடும் நிர்வாகிக்கு ஆறு மாதத்தில் கூடம் முழுக்க மங்கல் படர்ந்த கண்ணாடிதான் மிஞ்சும்.

இன்னொரு கோளாறு, உள்ளே வரும் காற்றைப் பற்றியது. வெளியே தள்ளும் காற்றின் அளவில் 80 முதல் 90 சதவீதத்துக்கு வெளிக்காற்றை விசிறி வைத்து உள்ளே கொடுக்க வேண்டும். மிச்சப் பற்றாக்குறைதான் சமையல் வாடை கூடத்துக்குள் போகாமல் தடுக்கிறது. செலவு மிச்சம் என்று அந்த விசிறியை விட்டுவிட்டால், ஹூட் தன் காற்றைக் கதவு வழியாக பிளாட்பாரத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். டீசல் வாடையும் பிரேக் தூளும் நேராகச் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும்.

தீ பற்றி ஒரு வரி போதும்: ஆய்ஸ்டர் பாரின் புகழ்பெற்ற குவாஸ்தவினோ (அந்தப் பெயருள்ள கட்டடக்காரர்களின் முறையில் ஓடு பதித்த) வளைவுகள் 1997 தீ விபத்தில் சேதமாகி, மறுபடி பதிக்க வேண்டியதாயிற்று. டக்ட் பரிசோதனைக்கு என்.எஃப்.பி.ஏ. 96 சொல்லும் கால அளவு: விறகு, கரி அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை, நாள் முழுக்க ஓடும் வறுவல் கடை என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எண்ணெய் படிந்திருந்தால் அப்போதே சுத்தம் செய்ய வேண்டும்.

தண்ணீரும் தரையும்

பழைய மொசைக் தரையை உடைக்க அனுமதி கிடைக்காது. ஆகவே கழிவுக் குழாயைத் தரைக்கு மேலே ஓட்டி, அதன் மேல் பலகைத் தரை போடுவார்கள். 60-க்கு 1 சரிவில் 12 மீட்டர் ஓட்டினால் கடைசி முனையில் 20 செ.மீ. உயரம் வேண்டும். அந்த உயரத்துக்குச் சக்கர நாற்காலி ஏற 2.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். ஒரு கவுண்டருக்கு இது சரி. பன்னிரண்டு கவுண்டருக்கு இப்படிச் செய்தால் கூடம் மேடும் பள்ளமுமாகிவிடும். மாற்று, கழிவுநீரை உறிஞ்சி இழுக்கும் வெற்றிட வடிகால்: மெல்லிய குழாயைக் கவுண்டருக்கு மேலே தூக்கிக்கூடக் கொண்டுபோகலாம். விலை அதிகம், ஆனால் தரையைத் தொடாது. ஒவ்வொரு கவுண்டருக்கும் குட்டி பம்ப் வைப்பது மலிவாகத் தெரியும். எண்ணெய் இறுகி அடைத்து, சனிக்கிழமை மாலை பார்த்துத்தான் நிற்கும்.

கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பில் கழிவுநீர் அரை மணி நேரம் தங்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. உச்ச நேரத்தில் நொடிக்கு ஒரு லிட்டர் என்றால் 1,800 லிட்டர் தொட்டி. ஆழத்தில் கால்பங்கு கொழுப்பும் மண்டியும் சேர்ந்ததும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதனால் லாரி வந்து நிற்கும் இடத்தில் தொட்டி இருக்க வேண்டும். பிளாட்பாரத்துக்கு அடியில் ஒளித்து வைத்தால் கடைசி ரயில் போன பிறகுதான் கைவைக்க முடியும்.

தரைக்குக் கீழேயே இடமுள்ள நிலையங்கள் அதிர்ஷ்டசாலிகள். லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் 1868-ல் கால்வாயைத் தாண்டி வரும் பாதைக்காக உயர்த்திக் கட்டப்பட்டது. கீழ்த்தளம் பீர் காய்ச்சும் ஊரான பர்ட்டனிலிருந்து வந்த பீர் பீப்பாய்களின் கிடங்கு. தூண்களின் இடைவெளிகூட பீப்பாய் அடுக்கும் கணக்கில் வைக்கப்பட்டது. 2007-ல் நிலையம் மறுபடி திறந்தபோது அந்தக் கிடங்குதான் கடைத்தெருவானது. அலங்காரக் கூடத்தைவிட இப்படிப்பட்ட கிடங்கும் பார்சல் ஆபீஸும்தான் ஃபுட் ஹாலுக்குப் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. கிராண்ட் சென்ட்ரலிலும் பார்க்கலாம்: கீழ்த்தள உணவுப் பகுதி 1990-களின் புதுப்பிப்புக்குப் பின் நிலைத்துவிட்டது, பழைய காத்திருப்புக் கூடமான வான்டர்பில்ட் ஹாலில் 2016-ல் திறந்த ஃபுட் ஹால் 2020-ல் தொற்றுக்காலத்தோடு மூடியது.

கூட்டம்

ரயில் பயணியிடம் இருப்பது பதினைந்து நிமிடம். ரயிலைப் பார்க்காமல் அறையைப் பார்க்கவே வருபவரிடம் இருப்பது ஒன்றரை மணி நேரம். தனி உணவகம் இரண்டாமவருக்கானது, மாடியில் இருந்தாலும் பரவாயில்லை. ஃபுட் ஹால் இருவரையும் பிடிக்க நினைக்கும். அதற்கு பிளாட்பாரம் போகும் நடைபாதையை ஒட்டி இரண்டு மூன்று கவுண்டர்கள் வெளிப்பக்கம் திறந்தாக வேண்டும். இருக்கைகளுக்கு நடுவே வழக்கமான 90 செ.மீ. வழி போதாது, பயணப் பெட்டியோடு வருபவர்களுக்கு 1.2 மீட்டர் வேண்டும். கல் கூடத்தில் எதிரொலி அதிகம், அறிவிப்பு காதில் விழாது; ரயில் நேரப் பலகை உள்ளேயே தெரியாவிட்டால் பயணி உட்காரவே மாட்டார்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சைவ, அசைவ ரெஃப்ரெஷ்மென்ட் ரூம்கள் ரயில்வேயில் தனித்தனியாகவே இருந்து வந்தன. ஃபுட் ஹாலிலும் பாத்திரம் கழுவும் இடம் முதல் குளிர் அறை வரை இரண்டாகப் பிரித்தால்தான் சைவக் குடும்பங்கள் உட்காரும். இடக்கணக்கில் இதை முதலிலேயே சேர்க்க வேண்டும்.

பெட்டி உணவகம்

புகை, தரை, ஓவியம் எதுவும் இங்கே பிரச்சினையில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பழைய வகை ரயில் பெட்டி ஏறக்குறைய 21.3 மீட்டர் நீளம், 3.25 மீட்டர் அகலம். நடுவே வழி விட்டு இருபுறமும் மேசை போட்டால் நாற்பது பேர் உட்காரலாம். சமையலறையைப் பெட்டிக்குள் வைக்க ஆசைப்படக் கூடாது. இந்தப் பெட்டிகளின் தரைத்தகடு கழிவறைப் பக்கம் நீர் கசிந்து துருப்பிடிப்பது தெரிந்த விஷயம். அடுப்படியிலும் அதே கதைதான். பக்கத்தில் தனிக் கொட்டகையில் சமைத்துக் கொண்டுவருவது நல்லது. வெயிலில் கூரைத்தகடு கொதிக்கும் என்பதால் மேலே நிழற்கூரை போடாவிட்டால் ஏசி செலவு லாபத்தைத் தின்றுவிடும். முகப்பை மறைக்காத பக்கமாக நிறுத்த வேண்டும். ஆனால், வருமானம் வந்தாலும் நிலையத்துக்குள்ளே பூட்டிக் கிடக்கும் கூடம் பூட்டியேதான் இருக்கும்.

பணம்

பெட்டிக்குக் குறுகிய உரிமக் காலம் போதும், போட்ட முதலைத் தூக்கிக்கொண்டும் போகலாம். ஃபுட் ஹாலில் கடைக்காரர்கள் வாடகைக்குப் பதில் விற்பனையில் பங்கு தருவார்கள், பல இடங்களில் 20 முதல் 30 சதவீதம் வரை. மேசை, பாத்திரம், துப்புரவு நிர்வாகியின் பொறுப்பு. ஒரு கடை தோற்றால் இன்னொன்று வரும், மொத்தமும் சாயாது. தனி உணவகம் தோற்றால் கூடம் இருண்டுவிடும். ஆனால் மின்சாரத்தில் ஃபுட் ஹால் பெரும் பசிக்காரன்: பன்னிரண்டு கவுண்டர் தலா 20 கிலோவாட் என்றால் 240. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது என்று 0.7-ஆல் பெருக்கினாலும் 168. ஏசியும் குளிர் அறையும் தனி. நிலையத்தின் பழைய இணைப்பு இதைத் தாங்காது. புது டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் எங்கே என்பதையும் டக்ட் போகும் பாதையையும் ஒரே தாளில் வரைந்த பிறகே ஒப்பந்தத்தைத் தொட வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தில் அதிகம் விடுபடும் விதி: உரிமக் காலம் முடிந்ததும் டக்ட், கிரீஸ் டிராப், மின் இணைப்பு யாருடையவை? உரிமதாரருடையவை என்றால் அவர் போகும்போது பிடுங்குவார், சுவரில் ஓட்டை நிற்கும், அடுத்தவர் மறுபடி அனுமதிக்கு அலைவார். இந்த மூன்றையும் நிலைய நிர்வாகமே தன் செலவில் போட்டு, வாடகையில் கழித்துக்கொள்வதுதான் கட்டடத்துக்கும் கடைக்கும் மலிவு.