தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுப் பழுது தீர்ந்தது என்றார்கள்: பழைய பாய்மரப் படகு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் மேற்குக் கரையில் பழைய பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எஞ்சின் வேலைக்குச் செல்வது பெரும்பாலும் அதே சில பட்டறைகளுக்குத்தான் என்பதால், எங்களுக்கு நேர்ந்ததை விவரமாக எழுதிவைப்பது கடமை என்று கருதுகிறேன். எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பு முழுவதையும் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த பாகங்களை மாற்றித் தருவதாகச் சொல்லி 4,200 ரிங்கிட் வாங்கிய ஒரு பட்டறை, ரசீதில் எழுதிய வேலைகளில் பெரும்பகுதியைச் செய்யவே இல்லை. அதைவிட மோசமான செய்தி என்னவென்றால், பழுது அப்படியே உள்ளே இருக்க, வெப்பமானியின் முள் மட்டும் தாழ்ந்து நிற்கும்படி எஞ்சினின் சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் வாயிலான தெர்மோஸ்டாட்டைச் சொல்லாமல் கழற்றிவிட்டார்கள். அதன் விளைவை மலாக்கா நீரிணையின் நடுவில் நாங்கள் அனுபவித்தோம். இழப்பீட்டுக் கோரிக்கை விசாரணையில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏமாற்றிய முறையைத் தெரிந்துகொண்டால் பெயர் தெரியாமலே எவரும் தப்பிக்கலாம்.

எங்கள் படகு 1980களில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகு. அதில் இருப்பது பெர்கின்ஸ் 4.108 டீசல் எஞ்சின். நான்கு சிலிண்டர், 108 கன அங்குலம் என்பதையே அந்த எண் குறிக்கிறது. இவ்வகை எஞ்சின்கள் பழையவை என்றாலும் உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. ஒழுங்காகப் பராமரித்தால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதில் தண்ணீர் இரண்டு தனித்தனிச் சுற்றுகளில் ஓடுகிறது. முதல் சுற்றில் கூலண்ட் கலந்த நன்னீர் எஞ்சினுக்குள்ளேயே சுழன்று வெப்பத்தை வாங்கி வெப்பமாற்றிக்கு வருகிறது. இரண்டாவதில், படகின் அடியிலுள்ள வால்வு வழியாக உள்ளே வரும் கடல்நீர், வடிகட்டியைக் கடந்து, இம்பெல்லர் எனப்படும், ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் உள்ள பம்பினால் தள்ளப்பட்டு, வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களுக்குள் ஓடி அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயில் கலந்து புகையோடு வெளியேறுகிறது. இந்த இரண்டில் பழைய படகுகளில் தொல்லை தருவது அநேகமாகக் கடல்நீர்ச் சுற்றுதான். உப்புப் படிவம், கொட்டலசு ஓடு, பிளாஸ்டிக் துண்டு, உடைந்த இம்பெல்லர் இதழ் எல்லாம் சென்று சேரும் இடம் அதுவே.

எங்கள் எஞ்சினில் அறிகுறி தெளிவாகவே இருந்தது. வழக்கமாக 80 டிகிரியை ஒட்டி நிற்கும் முள், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டினால் மெல்ல மெல்ல 95 வரை ஏறியது. வேகத்தைக் குறைத்தால் இறங்கியது. குறைந்த வேகத்தில் சரியாகவும் சுமை கூடும்போது சூடாகவும் இருந்தால், வெப்பத்தை வெளியே கொண்டுபோகும் திறன் குறைந்திருக்கிறது என்றே பொருள். இந்த நீரிணையில் கடல்நீரே 29, 30 டிகிரியில் இருப்பதால், குளிர்நாட்டுப் படகுகளுக்கு உள்ள தாராளம் நமக்கு இல்லை. எனவே வெப்பமாற்றியைப் பிரித்து அதன் குழாய்களைச் சுத்தம் செய்வது, இம்பெல்லர், மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தானே அரிக்கப்படும் துத்தநாகக் கோல், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றுவது, தேய்ந்த ரப்பர்க் குழாய்களையும் கிளிப்புகளையும் புதுப்பிப்பது, பழைய கூலண்டை இறக்கிப் புதிதாக நிரப்புவது என்று வேலைகளை எழுதியே கொடுத்தோம். பட்டறை உரிமையாளர் அதைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கையெழுத்தும் இட்டார்.

படகைத் திரும்ப ஒப்படைத்தபோது, கட்டிய இடத்திலேயே எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். முள் 60க்குக் கீழே நின்றது. புகைக்குழாயில் தண்ணீரும் வந்தது. ஏன் முன்பைவிட இவ்வளவு குறைவு என்று கேட்டதற்கு, "எல்லாம் சுத்தம் பண்ணியாச்சுண்ணே, அதான் சில்லுன்னு ஓடுது, கவலைப்படாம போங்க" என்று உரிமையாளர் சொன்னார். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

அடுத்த நீண்ட பயணத்தில், கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே, ஒன் ஃபாதம் பேங்க் என்னும் ஆழமற்ற திட்டின் பக்கமாக எதிர் நீரோட்டத்தில் எஞ்சினைச் சற்று அழுத்தி ஓட்ட வேண்டியிருந்தது. பாய் விரிக்கக் காற்றே வீசவில்லை. உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளுள் ஒன்று அருகிலேயே செல்லும் இடம் அது. புகைக்குழாயில் வெள்ளை ஆவி கூடுவதை உடன் வந்த மைத்துனர்தான் முதலில் கவனித்துச் சொன்னார். முள் அதற்குள் 105ஐத் தாண்டியிருந்தது. ஆனால் எச்சரிக்கை மணி ஒலிக்கவே இல்லை. எஞ்சினை நிறுத்தி, மிஞ்சியிருந்த வேகத்திலேயே கரைப்பக்கம் திருப்பி, கப்பல் பாதைக்கு வெளியே ஆழம் குறைந்த இடத்தில் நங்கூரம் இட்டோம். இந்தக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை பின்னிரவிலும் அதிகாலையிலும் சுமத்திராப் பக்கமிருந்து திடீர்ச் சூறை வருவது வழக்கம்; அன்றிரவு அப்படி ஒன்று வந்திருந்தால், எஞ்சின் இல்லாமல் அந்த இடத்தில் எங்கள் நிலை என்னவாகியிருக்கும் என்பதைக் கடலில் போகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மறுநாள் ஒரு மீன்பிடிப் படகு இழுத்துச் சென்று கரை சேர்த்தது.

வேறொரு மெக்கானிக் எங்கள் கண்முன்னே எஞ்சினைப் பிரித்தார். வெப்பமாற்றியின் மூடிகளில் இருந்த பழைய பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதாவது, அதை எவரும் திறக்கவே இல்லை. திறந்தபோது, குழாய்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுண்ணப் படிவத்தாலும் ஓட்டுத் துண்டுகளாலும் அடைபட்டிருந்தது. நுழைவாயிலில் பழைய இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் குறுக்காகச் சிக்கியிருந்தன. துத்தநாகக் கோல் இருக்க வேண்டிய பித்தளைத் திருகில் கோலின் அடிக்கட்டைகூட மிஞ்சவில்லை. இம்பெல்லர் மட்டும் உண்மையிலேயே புதிது. கூலண்ட் என்று நிரப்பியிருந்தது வெறும் குழாய்த் தண்ணீர். அது துருவேறிப் பழுப்பாக இருந்தது. தெர்மோஸ்டாட் உறைக்குள் எதுவுமே இல்லை. எச்சரிக்கை மணிக்கான கம்பியும் அந்த உறையின் உணரியிலிருந்து கழற்றப்பட்டு, மறுபடி மாட்டப்படாமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் கெட்டுப்போயிருந்தது. சிலிண்டர் ஹெட் சற்று வளைந்திருந்ததால் கடைசலுக்கு அனுப்பிச் சமப்படுத்த வேண்டியதாயிற்று. இந்தச் செலவு முதல் ரசீதைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

தெர்மோஸ்டாட் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெயில் நாட்டுக்கு அது தேவையில்லை என்று பல மெக்கானிக்குகள் மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சிலர் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தெர்மோஸ்டாட் எஞ்சினைக் குளிர்விக்கும் பாகம் அன்று. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரும்வரை நன்னீரை வெப்பமாற்றிக்குப் போகவிடாமல் தடுத்து, பிறகு தேவைக்கேற்பத் திறந்துவிடும் வாயில் அது. அதைக் கழற்றிவிட்டால், சுமையில்லாமல் ஓடும்போது தண்ணீர் தடையின்றிச் சுழன்று முள் மிகவும் தாழ்ந்து நிற்கும். அடைபட்ட வெப்பமாற்றியும் அந்தச் சிறு வெப்பத்தைச் சமாளித்துவிடும். ஆனால் சுமை ஏறும்போது உண்டாகும் வெப்பம் பல மடங்கு; அதை வெளியேற்ற வேண்டிய குழாய்கள் அடைபட்டே இருப்பதால் முள் மறுபடி ஏறத்தான் செய்யும். மேலும், பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியை மூடும்படி அமைத்திருக்கிறார்கள். அது இல்லாதபோது சூடான நீரில் ஒரு பகுதி வெப்பமாற்றிக்குப் போகாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். இதற்கெல்லாம் மேலாக, எப்போதும் குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சினில் எரிபொருள் முழுமையாக எரியாது, கரி படியும், எண்ணெயில் ஈரமும் அமிலமும் சேரும், சிலிண்டர் விரைவில் தேயும். ஆகவே, பராமரிப்பு முடிந்து வந்த எஞ்சின் வழக்கமான அளவைவிட வெகுவாகக் குளிர்ந்து ஓடினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், உடனே உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட் நல்லதா என்று பார்ப்பது எளிது. ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை நெருங்கும்போது அது திறக்கத் தொடங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்பு படகைக் கடலுக்கு எடுத்துச் சென்று, பயண வேகத்தில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். கட்டிய இடத்தில் சுமையின்றி ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. கையில் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. அதன் விலை அதிகமில்லை. வெப்பமாற்றிக்குள் கடல்நீர் நுழையும் குழாயையும் வெளியேறும் குழாயையும் அளந்து பாருங்கள். எஞ்சின் சூடாகி, வெளியேறும் கடல்நீரும் மிகச் சூடாக இருந்தால், கடல்நீர் போதிய அளவு ஓடவில்லை. வால்வு, வடிகட்டி, பம்பு, நுழைவாயில் ஆகியவற்றில் எங்கோ அடைப்பு. எஞ்சின் சூடாக இருந்தும் வெளியேறும் கடல்நீர் அவ்வளவாகச் சூடேறவில்லை என்றால், நீர் ஓடுகிறது, ஆனால் குழாய்ச் சுவரில் படிந்த படிவம் வெப்பத்தைக் கைமாற விடவில்லை என்று கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்திருந்தால், எந்தப் பட்டறையிலும் உங்களிடம் பொய் சொல்வது கடினம். புகைக்குழாயிலிருந்து குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட எஞ்சின் வேகத்தில் எத்தனை லிட்டர் நீர் வருகிறது என்பதை வாளியில் பிடித்துப் பதிவேட்டில் எழுதிவைப்பதும் பயனுள்ளது. அளவு குறையும்போது, முள் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். எச்சரிக்கை மணியைச் சோதிக்க, பெரும்பாலான பழைய எஞ்சின்களில், சாவியைத் திருப்பிவிட்டு உணரியின் கம்பியைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொட்டாலே போதும், மணி ஒலிக்க வேண்டும்.

இம்பெல்லரை மாற்றினோம் என்று எவராவது சொன்னால், பழையதைக் கேட்டு வாங்கி இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஓர் இதழ் குறைந்தாலும் அது எங்கே போனது என்று தேடி எடுக்கும்வரை அந்த வேலை முடியவில்லை; எங்கள் எஞ்சினில் சிக்கியிருந்தவை அப்படித் தேடாமல் விட்ட துண்டுகளே. துத்தநாகக் கோல் எல்லா எஞ்சின்களிலும் இருப்பதில்லை. இருந்தால், பாதி கரைந்ததுமே மாற்றிவிட வேண்டும், இல்லையேல் அடுத்து அரிக்கப்படுவது வெப்பமாற்றியின் உலோகமாகவே இருக்கும். படிவத்தை நீக்க அமிலம் பயன்படுத்துவதாகச் சொன்னால் எந்த அமிலம் என்று கேளுங்கள். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பல வெப்பமாற்றிகளின் உறை அலுமினிய வார்ப்பு என்பதால் அது உலோகத்தையே தின்றுவிடும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் சார்ந்த கரைசல்கள் அதைவிட மிதமானவை.

பட்டறை உரிமையாளரை அழைத்துப் பேசியபோது, "எங்கிட்ட இருந்து போறப்ப நல்லாத்தானேண்ணே ஓடுச்சு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் வரவில்லை. படங்களை அனுப்பிய பிறகு அழைப்பை எடுப்பதையே நிறுத்திவிட்டார். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் இப்போது மனு செய்திருக்கிறோம். சொந்தப் பயன்பாட்டுக்காகப் பெற்ற சேவையில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வேலைகளை வரிசையாக எழுதிக் கையெழுத்து வாங்கிய தாள், ரசீது, திறப்பதற்கு முன் எடுத்த பெயின்ட் கலையாத மூடிகளின் படம், இரண்டாவது மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை ஆகியவற்றை மனுவோடு இணைத்திருக்கிறோம். உங்களுக்கும் இதே போல் நேர்ந்திருந்தால், எஞ்சினைச் சரிசெய்யும் அவசரத்தில் எதையும் துடைத்துவிடாமல், ஒவ்வொரு மூடியையும் திறப்பதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய பாகங்களை ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.