பைத்தானில் எண்ணியல் முறைகள்: மூன்று ஆண்டு அனுபவம்

காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எண்ணியல் முறைகள் (கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு விடையை நெருங்கும் வழிகள்) பாடத்துக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியைத் தொட்டேன். இப்போது எம்.எஸ்சி. கடைசி ஆண்டு. இடையில் அதை விட்ட நாள் குறைவு. புதிதாகத் தொடங்குகிற தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மெஷின். என்னிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். பைத்தானோடு ஏகப்பட்ட தொகுப்புகளையும் சேர்த்துத் தரும் முழு அனகோண்டாவைப் போட்டதும் திணறியது. அதை எடுத்துவிட்டு, அதன் சிறிய வடிவமான மினிகோண்டாவில் நம்பை (எண் அணிகளுக்கு), சைபை (அறிவியல் கணக்குகளுக்கு), மேட்பிளாட்லிப் (படம் வரைய), ஜூபிடர் (நிரலை எழுதி ஓட்ட) நான்கையும் மட்டும் ஏற்றினேன். இந்தப் பாடத்துக்கு அதுவே தாராளம். எல்லாமே இலவசம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம்.

என் அனுபவத்தில் முக்கியமானது ஒன்றுதான்: முதல் செமஸ்டரில் சைபையின் ரெடிமேட் கட்டளைகளைத் தொடாதீர்கள். லூப் போட்டு நீங்களே எழுதுங்கள். 'எக்ஸ் க்யூப் கழித்தல் 2 எக்ஸ் கழித்தல் 5 சமம் பூஜ்யம்' என்ற சமன்பாடு நியூட்டனே எடுத்துக்கொண்ட உதாரணம். 2க்கும் 3க்கும் இடையில் பாதி பாதியாக வெட்டிப் போனால், ஆறு தசம இடம் பிடிக்க 20 சுற்று ஆகிறது. வளைகோட்டின் சாய்வை வைத்து அடுத்த எண்ணுக்குத் தாவும் நியூட்டன்-ராப்சன் முறையில் 2இல் தொடங்கினால் 2.1, அடுத்து 2.094568, அடுத்து 2.094551, அவ்வளவுதான். ரெக்கார்ட் நோட்டில் இதை எல்லோரும் எழுதியிருப்போம். ஆனால் தொடக்கத்தை 0.8 என்று மாற்றிப் பாருங்கள். அடுத்த எண் மைனஸ் 75க்கு எகிறுகிறது! அந்த இடத்தில் வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது, சாய்வு வெறும் மைனஸ் 0.08. அதனால் வகுக்கும்போது எங்கோ தூக்கி எறிந்துவிடுகிறது. கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சோதித்துப் பார்க்கப் பொறுமை யாருக்கு இருக்கும்? பைத்தானில் ஒரு எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். நான் முறையைப் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ரெக்ரஷனை, அதாவது அளவீடுகளுக்குக் கோடு பொருத்துவதை, எனக்குப் புரியவைத்தது வீட்டுப் பித்தளைச் சொம்பு. சுடுதண்ணீரை ஊற்றி வளவு முற்றத்தில் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்தேன், ஒரு மணி நேரம். நியூட்டனின் குளிர்தல் விதிக்கு (சுற்றுப்புறத்தோடு உள்ள வெப்பநிலை வித்தியாசம் குறையக் குறைய ஆறும் வேகமும் குறையும்) பொருத்த, சைபையின் கோடு பொருத்தும் கட்டளையான 'கர்வ் ஃபிட்'டிடம் கொடுத்தேன். ஒரு படுக்கைக் கோடுதான் வந்தது. விஷயம் என்னவென்றால், தொடக்க மதிப்பு சொல்லாவிட்டால், கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் எல்லாவற்றையும் அது 1 என்று வைத்துக்கொண்டு தொடங்கும். நான் நேரத்தை வினாடியில் கொடுத்திருந்தேன். வினாடிக்கு 1 என்ற வேகத்தில் குளிர்ந்தால் முதல் நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் ஆறிப்போயிருக்கும். அப்புறம் அது எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. நேரத்தை நிமிடமாக்கி, சுமாரான தொடக்க மதிப்புகளையும் கொடுத்ததும் கோடு புள்ளிகளோடு ஒட்டி வந்தது. பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.99ஐத் தாண்டியது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மீதங்களை, அதாவது அளவீட்டுக்கும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசங்களை, படமாக வரைந்தேன். மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்க வேண்டியவை அலைபோல வளைந்திருந்தன. 38ஆவது நிமிடத்துக்குப் பிறகு தண்ணீர் மெதுவாகவே ஆறியிருக்கிறது. பொருத்தம் சொன்ன சுற்றுப்புற வெப்பநிலையும், நான் குறித்து வைத்ததைவிட நாலைந்து டிகிரி கூட. அப்பத்தாவிடம் சொன்னேன். "அந்நேரம் வெயில் தூணத் தாண்டி உள்ள வந்துருமேப்பா, தண்ணி எப்படி ஆறும்?" என்றார். வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது உட்பகுதியில், ஒரு அறைக்குள் வைத்துத் திரும்ப அளந்தேன். இந்த முறை மீதங்கள் ஒழுங்கில்லாமல் சிதறின, சுற்றுப்புற வெப்பநிலையும் அரை டிகிரிக்குள் வந்தது. ஆர்-ஸ்கொயர் மட்டும் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குப் பிறகு மீதப் படம் இல்லாத எந்த முடிவையும் நான் ரெக்கார்டில் ஏற்றுவதில்லை.

சிறு குழிகள் இரண்டு உண்டு. பல்லுறுப்புக்கோவையைப் பொருத்தும் நம்பையின் 'பாலிஃபிட்' கெழுக்களை உயர்ந்த படியிலிருந்து தரும், புதிய 'பாலினாமியல்' வகுப்பு தாழ்ந்த படியிலிருந்து தரும். இரண்டையும் கலந்தால் விடை தலைகீழாகும். ஸ்டாட்ஸ்மாடல்ஸ் என்ற புள்ளியியல் தொகுப்பில் எண் அணிகளை நேரடியாகக் கொடுக்கும்போது மாறிலியை நாம்தான் சேர்க்க வேண்டும். மறந்தால் கோட்டை ஆதிப்புள்ளி வழியாக இழுத்துவிடும். அதைவிட மோசம், அப்போது ஆர்-ஸ்கொயரைக் கணக்கிடும் விதமே மாறுவதால் எண் பெரும்பாலும் கூடுதலாகவே தெரியும். என் நண்பன் ஒருவன் அதைப் பார்த்து ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தான்.

இப்போது சைபையைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். சமன்பாட்டின் மூலத்தை (விடையை) தேட 'பிரெண்ட்' முறைதான் என் முதல் தேர்வு. சார்பின் மதிப்பு ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ் என்று குறி மாறும் இரு முனைகளைக் கொடுத்துவிட்டால் அந்த மைனஸ் 75 கதை அதில் நடக்காது. அடுத்து அதே சொம்பையும் ஒரு எவர்சில்வர் சொம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கப் போகிறேன். தெர்மாமீட்டர் இன்னொன்று வாங்க வேண்டும்.