சிபிடியா, உள்ளியக்க சிகிச்சையா?

வருஷக்கணக்கில் மனசு சோர்ந்தே கிடக்கிறது, கூடவே பதற்றம், பேச்சு வழி சிகிச்சைக்குப் போகலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் சிபிடி (CBT, அறிதல்-நடத்தை சிகிச்சை), உள்ளியக்க சிகிச்சை (psychodynamic therapy) என்ற இரண்டும்தான் முன்னால் வந்து நிற்கும்.

சிபிடி 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கியது. இன்றைய நினைப்பையும் பழக்கத்தையும் பிடித்து வேலை செய்யும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் 'இன்னும் வேலை கிடைக்கலையாடே' என்று யாராவது கேட்பார்கள் என்றே நீங்கள் போவதில்லை என்று வையுங்கள். அந்தப் பயத்தைத் தாளில் எழுதி, எவ்வளவு நிஜம் என்று சோதித்து, அரை மணி நேரமாவது தலைகாட்டிவிட்டு வரச் சொல்வார்கள். வீட்டுப்பாடம் உண்டு, அதைச் செய்யாமல் சும்மா போய் உட்கார்ந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள்.

உள்ளியக்க சிகிச்சை, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டின் வழியில் வந்தது. அந்தக் கேள்வி ஏன் இப்படிக் குத்துகிறது, உள்ளே கேட்பது அப்பாவின் குரலா என்று பழைய உறவுகளுக்குள் போகும். குறுகிய கால வடிவமும் உண்டு, ஆனால் வருஷக்கணக்கிலும் நீளலாம்.

பதற்றம்தான் பெரிய தொல்லை என்றால் நான் சிபிடியைச் சொல்வேன், ஆய்வுச் சான்றும் அதற்குத்தான் அதிகம். ஒரே மாதிரி உறவுச் சிக்கலில் திரும்பத் திரும்ப மாட்டுகிறவர்களுக்கு மற்றது. ஆனால் வள்ளியூரிலிருந்தோ அம்பையிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வாராவாரம் பஸ் ஏறுகிறவருக்கு ஒரு நாள் கூலியும் போகுமே, அதனால் எத்தனை மாதம் ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலும் விசாரிக்கலாம்.

செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், உடனே அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸுக்குப் போன் போடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.