பருத்தித்துறைத் துறைமுகத்திலிருந்து வல்லிபுரம் வரை ஒரு காலை நடை

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தில் ஒரு வானைப் பிடித்து நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா கடற்கரை என்று ஒரே மூச்சில் ஓடி முடிப்பார்கள். குடாநாட்டின் வடகிழக்கு ஓரத்து வடமராட்சிக் கரை அந்த ஓட்டத்தில் அகப்படுவது குறைவு. அகப்பட்டாலும் வல்லிபுரக் கோயில் வாசலில் வான் நிற்கும், அர்ச்சனை முடியும், கச்சான் வாங்குவார்கள், திரும்பிவிடுவார்கள். இந்தமுறை நானும் மகளும் வானை விட்டுவிட்டு, பருத்தித்துறைத் துறைமுகத்தில் தொடங்கி முனை, கற்கோவளம் வழியாக மணல் மேடுகளைக் கடந்து வல்லிபுரம் வரை நடந்தோம். மெதுவாக நடந்தாலும் ஒரு காலைக்குள் முடித்துவிடக்கூடிய தூரம்தான். நடையில் ஒரு குறையும் இல்லை. நடக்கிற ஆளுக்கு வழியில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டால், அது வேறு கதை.

முதலில் போய்ச் சேர்வது. யாழ்ப்பாணத்திலிருந்து 750 இலக்க பஸ் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்குப் போகிறது. அரச பஸ்ஸும் ஓடுகிறது, தனியார் மினிபஸ்ஸும் ஓடுகிறது. கட்டணம் கனடாக் காசில் ஒரு டொலர்கூட வராது. மினிபஸ்ஸில் பாட்டுச் சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனால் நடத்துநர் தம்பி எங்கள் கையிலிருந்த பையை வாங்கித் தானே முன்னுக்கு வைத்து, “அக்கா, பருத்தித்துறையோ? கடைசித் தரிப்புத்தான், நித்திரை கொள்ளுங்கோ” என்றான். சில்லறை மட்டும் வைத்திருங்கள். ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

பஸ் நிலையத்திலிருந்து கடல் கிட்டத்தான். காலைச் சாப்பாட்டை அங்கேயே ஒரு சின்னக் கடையில் முடித்தோம், கை கால் கழுவும் வேலையையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பிறகு கோயில் வரை மலசலகூடம் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. போகும்போது பருத்தித்துறை வடை ஒரு பை வாங்கிக்கொண்டோம். தட்டையாக, மொறுமொறுவென்று, உளுந்தும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் பல்லில் கடிபடுகிற அந்த வடை நாள்கணக்கில் கெடாது. நடைக்கு இதைவிடத் தோதான சாப்பாடு கிடையாது. ஆனால் உறைப்பு. தண்ணீர்ப் போத்தலும் கூடவே வாங்குங்கள்.

துறைமுகத்தில் காலை வேளையில்தான் நிற்க வேண்டும். இரவு தொழிலுக்குப் போன கண்ணாடியிழைப் படகுகள் ஒவ்வொன்றாக வந்து கரை தட்டுகின்றன. வலையைப் படகிலிருந்து இழுத்துப் போட்டு, இரண்டு மூன்று பேர் குந்தியிருந்து மீனைக் கழற்றுகிறார்கள். கழற்றிய மீன் நிலத்திலேயே குவியல் குவியலாகக் கிடக்கிறது. கூறி விற்பவர் விலையைச் சொல்லச் சொல்ல, வாங்குகிறவர்கள் வாயே திறப்பதில்லை. தலையாட்டல்தான். எந்தத் தலை எப்போது ஆடியது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு பாரைக் குவியல் கண்ணெதிரே கைமாறி சைக்கிள் பெட்டிக்குள் போய்விட்டது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் கதைத்தபோது, இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன கதையைக் கிழிந்த இடத்தை விரித்துக் காட்டியே சொன்னார். படம் எடுக்க விரும்பினால் ஆட்களிடம் கேட்டு எடுங்கள். காவல் போட்டிருக்கும் பக்கமாகக் கமராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

துறைமுகத்திலிருந்து கிழக்கே முனைப் பக்கம் போகும் கடற்கரை வீதி சமதரை. இங்கே மணல் குறைவு, முருகைக்கல்லும் சுண்ணாம்புப் பாறையும்தான் கரை. அலை வெளியே கடலுக்குள் உள்ள பாரிலேயே, அதாவது பாறைத் திட்டிலேயே, உடைந்துவிடுவதால் உள்ளே தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. கரையெல்லாம் சாதாளை என்கிற கடற்செடி ஒதுங்கிக் காய்ந்து, அதன் மணம் மூக்கில் ஏறுகிறது. மகள் மூக்கைப் பொத்தினாள், எனக்கு அது ஊர் மணம். 1916இல் கட்டிய வெளிச்சவீட்டைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தோம். காலையில் இந்தத் திசையில் நடந்தால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். தொப்பி இல்லாமல் வராதீர்கள்.

நேரமிருந்தால் கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, தும்பளை வீதியில் தெருமூடி மடத்தைப் பாருங்கள். பெயருக்கேற்றபடி தெருவையே கூரை போட்டு மூடிய மடம். இரண்டு பக்கமும் கல்தூண்களுடன் உயர்ந்த திண்ணை, நடுவால் வீதி. வெயிலில் நடந்து வருகிறவன் ஏறி இருந்து இளைப்பாறிவிட்டுப் போவதற்காகக் கட்டியது. மோட்டார் வாகனம் வருமுன் யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல் என்று எல்லாம் இருந்தன. மனிதனும் மாடும் நடந்து போன காலத்து ஏற்பாடு அது. இப்போது ஊரில் வசதி என்றால் வாகனத்துக்கான வசதிதான். காப்பெற் வீதி, வான் நிறுத்த இடம், பெரிய பெரிய மண்டபம். நடக்கிறவனுக்கு இன்றைக்கும் இந்தக் கரையில் இருக்கிற நல்ல நிழல் அந்தப் பழைய மடம்தான்.

கற்கோவளத்தில் கரை மாறுகிறது. பாறை முடிந்து நீளமான மணல் தொடங்குகிறது. புரட்டாசியில் வல்லிபுர ஆழ்வார் சமுத்திர தீர்த்தத்துக்கு வருவது இந்தக் கரைக்குத்தான். அன்றைக்கு இந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது. நாங்கள் போனபோது இரண்டு நாயும் ஒரு கட்டுமரமும்தான். ஆகஸ்டில் சோளகக் காற்று முதுகுப்பக்கத்து நிலத்திலிருந்து வருவதால் கடல் அடக்கமாக இருந்தது. வாடை தொடங்கினால் இதே கடல் ஆளை அண்ட விடாது. எப்போது வந்தாலும் பாதுகாப்புக்கு ஆள் யாரும் நிற்பதில்லை, கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

இங்கிருந்து கோயிலுக்கு மணல் மேடுகளுக்கூடாகப் போக வேண்டும். பாதை காட்டும் பலகை ஒன்றுகூட இல்லை. வேலியோரம் நின்ற ஆச்சி ஒருவர்தான் எங்களுக்குப் பலகை. “கோபுரத்தைப் பாத்துக்கொண்டு நடவுங்கோ மோனை, தவறாது. தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று கிணற்றில் அள்ளித் தந்தார். கடல் கூப்பிடு தூரத்தில், கிணறு ஆழமும் இல்லை, தண்ணீரோ இளநீர் மாதிரி. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, பாரம் குறைந்ததால் கீழேயுள்ள உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. மணல் மேடுதான் அதைத் தேக்கி வைக்கும் தொட்டி. அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர், இயந்திரம் போட்டு இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும்.

மேடுகளில் அடம்பன் கொடி படர்ந்து, ஊதாப் பூவோடு மணலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. இராவணன் மீசை என்கிற முட்புல்லும் அப்படித்தான். அதன் காய்ந்த பூங்கொத்து காற்றில் கழன்று, முட்களையே கால்களாக்கி மணலில் உருண்டு ஓடும். மகள் அதைத் துரத்திப் பிடித்துக் கையைக் குத்திக்கொண்டாள். இந்தச் செடிகளைப் பிடுங்கி, மணலை உழவு இயந்திரத்தில் அள்ளிக்கொண்டு போவது வடமராட்சி கிழக்கில் பழைய பிணக்கு. வெளிநாட்டுக் காசில் எழும்பும் மாடிவீடுகளுக்கும் மணல் வேண்டும்தானே, அந்தப் பங்கு நமக்கும் உண்டு. பத்து மணிக்குள் மேட்டைத் தாண்டிவிடுங்கள். அதற்குப் பிறகு செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

வல்லிபுரத்தில் நிழல், தண்ணீர், கச்சான் கடை எல்லாம் உண்டு. அநுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்துப் பொன்னேடு 1936இல் கிடைத்தது இந்த ஊரில்தான் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் கவனம் கச்சானில் இருந்தது.

அங்கிருந்து மணற்காட்டுக்கு ஓட்டோ. முதலில் கேட்ட ஓட்டோக்காரர் மகளின் தமிழைக் கேட்டதுமே விலையைக் கூட்டிவிட்டார். அடுத்தவர் போய்வரவும் அங்கே காத்து நிற்கவும் சேர்த்து நியாயமான தொகை சொன்னார், சொன்னதற்கு மேல் ஒரு ரூபாவும் கேட்கவில்லை. ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். மணற்காட்டில் பாதி மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும், பக்கத்தில் சவுக்கங்காடும் பார்க்க வேண்டியவை. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்துபோன கரை இது. அங்குள்ளவர்களிடம் அதைப்பற்றி நாமாகத் தோண்டிக் கேட்காமல் இருக்கலாம்.

நம் ஊர்ச் சங்கங்கள் வருடாவருடம் கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் காசு சேர்க்கின்றன, நானும் கொடுத்திருக்கிறேன். கற்கோவளத்தில் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மலசலகூடம், கோயில் வரை நாலு பலகை என்று கேட்டால் அதில் ஒரு சின்னப் பங்குதான் செலவாகும். மலசலகூடத்தைக் கட்டுவதோடு விடாமல் கழுவ ஒரு ஆளுக்குச் சம்பளமும் வைக்க வேண்டும்.

வயதானவர்களோடு போனால் துறைமுகத்தையும் முனையையும் நடந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து ஓட்டோவில் நேரே கோயிலுக்குப் போய்விடுங்கள். வழியில் கடைகளில் அட்டை எடுக்க மாட்டார்கள், பணத்தைப் பருத்தித்துறை வங்கிகளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். போன் சிக்னல் எங்களுக்குக் கடைசிவரை இருந்தது. திரும்பும் பஸ் நேரத்தை மட்டும் போனில் தேடாமல் கச்சான் கடையில் கேளுங்கள்.